எனிமி: கடைசிக் காட்சியில் பயப்படுவது யார்?

பின்வரிசை எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விஷாலும் ஆர்யாவும் நடித்த எனிமி இல்லை. 2013இல் டெனி வில்நெவ் எடுத்தது, ஜேக் ஜில்லன்ஹால் இரட்டை வேடம். முடிவைச் சொல்லாமல் என் கேள்வியைக் கேட்க வழியில்லை, அதனால் பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவு மச்சானோடு உட்கார்ந்து பார்த்தேன். தப்பு என்னுடையதுதான், "ஒன்றரை மணி நேரம்தான், டியூன் (Dune) படம் எடுத்த ஆள்" என்று ஆசை காட்டி அவரை உட்கார வைத்தேன். கடைசிக் காட்சி வந்தது, படம் முடிந்தது, மச்சான் ஒன்றும் பேசாமல் ரிமோட்டை எடுத்து அரை நிமிடம் பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "சரி, இப்ப இதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க" என்றார். மூன்று நாளாகத் தேடுகிறேன்.

பார்த்து நாளானவர்களுக்காகக் கதை: ஆடம் டொராண்டோவில் ஒரு வரலாற்று விரிவுரையாளர். வீட்டில் ஒரு படம் பார்க்கும்போது அதில் தன்னை அச்சில் வார்த்தது போல ஒரு துணை நடிகனைக் காண்கிறான், பெயர் ஆன்டனி. தேடிப் போகிறான். ஆன்டனியின் மனைவி ஹெலன், ஆறு மாதக் கர்ப்பிணி. ஆடமின் காதலி மேரி. ஆன்டனி மேரியை ஏமாற்றி அழைத்துப் போகிறான், வழியில் சண்டை வந்து கார் கவிழ்கிறது. அந்த இரவு ஆடம் ஹெலன் வீட்டில் இருக்கிறான். காலையில் ஆன்டனியின் சட்டைக்குள் நுழைந்து, ஆன்டனிக்கு வந்த உறையைப் பிரித்து, உள்ளே இருந்த சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, இன்று இரவு வெளியே போக வேண்டியிருக்கும் என்று ஹெலனிடம் சொல்கிறான். பதில் இல்லை. படுக்கையறையை எட்டிப் பார்க்கிறான். ஹெலன் இருக்க வேண்டிய இடத்தில் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு ராட்சதச் சிலந்தி. அது அவனைப் பார்த்து மிரண்டு சுவரோடு ஒடுங்குகிறது. அவன் கத்தவில்லை, ஓடவில்லை, ஒரு பெருமூச்சு விடுகிறான். முடிந்தது.

இணையத்தில் படித்த விளக்கங்களில் சிலந்தி மனைவி, சிலந்தி அம்மா, சிலந்தி கல்யாணம் என்கிற வலை, சிலந்தி சர்வாதிகாரம், சிலந்தி குற்ற உணர்ச்சி. எல்லாமே ஓரளவு பொருந்துகிறது, அதுதான் எனக்கு எரிச்சல். எதைப் போட்டாலும் பொருந்துகிறது என்றால் அது பூட்டா, வெறும் ஓட்டையா? இந்த மாதிரிப் படங்களில் ஒரு விலங்கு வந்தால் அதைப் படிக்க ஏதாவது முறை இருக்கிறதா, இல்லை அவரவர் வாய்க்கு வந்ததுதானா?

சாவிக்கொத்து எழுதியது:

நண்பரே, சிலந்தியைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்கை முடித்துவிட வேண்டும். படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்களா, ஒருவர்தானா?

ஒருவர்தான் என்பது என் கட்சி. அம்மா வீட்டுக் காட்சியைப் போட்டுப் பாருங்கள் (இசபெல்லா ரோசெலினி, இரண்டே நிமிடம் வந்து மொத்தப் படத்தையும் கலைத்துவிட்டுப் போவார்). விரிவுரையாளர் மகனிடம் பேசும்போது, மூன்றாம் தர நடிகனாகும் ஆசையை விட்டுவிடு என்கிற மாதிரி ஒரு வார்த்தை விடுகிறார். விரிவுரையாளனுக்கு எதற்கு அந்த அறிவுரை? உனக்கு புளூபெர்ரி பிடிக்குமே என்கிறார், ஆடம் பிடிக்காது என்கிறான். ஆனால் புளூபெர்ரி எங்கே என்று ஹெலனிடம் கேட்பது யார்? ஆன்டனி. ஒரே பெண்ணோடு நிலைத்திருப்பதே உனக்குப் பாடு என்பதும் அதே அம்மாதான். ஆக ஒரு மனிதன், ஒரு மனைவி, ஒரு கள்ள வாழ்க்கை, அதை மறைக்க அவன் தனக்குள் போட்டுக்கொண்ட ஒரு தடுப்புச் சுவர்.

இப்போது சிலந்தி எப்போது வருகிறது என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் படத் தொடக்கத்தில் வரும் ரகசிய மன்றம் (உறையில் வந்த சாவி அதனுடையதுதான்), பார்வையாளர்கள் ஆண்கள் மட்டும், வெள்ளித் தட்டில் மூடி எடுத்து வரும் சிலந்தி, அதன் மேல் இறங்கும் பெண்ணின் குதிகால். அடுத்து, சிலந்தித் தலையோடு ஒரு பெண் நடைபாதையில் தலைகீழாக நடந்து வருகிறாள், கனவு. அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தபின் நகரத்துக்கு மேல் நெட்டைக் கால்களோடு ஒன்று நடக்கிறது. கடைசியில் படுக்கையறை, அதுவும் சாவியைப் பையில் போட்டபின். "சிலந்தி யார்" என்று கேட்பதை நிறுத்திவிட்டு "அதற்கு முந்தின நிமிடம் இவன் என்ன செய்தான்" என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. வகுப்பில் இவன் நடத்தும் பாடம்கூட அதுதான்: சர்வாதிகாரிகள் எப்படிக் கட்டுப்படுத்துவார்கள், அது எப்படித் திரும்பத் திரும்ப வரும் மாதிரி, பெரிய நிகழ்வுகள் இரண்டு தடவை நடக்கும் என்ற ஹெகல், முதல் தடவை சோகம் இரண்டாம் தடவை கேலிக்கூத்து என்று சேர்த்த மார்க்ஸ். அந்தப் பெருமூச்சு இரண்டாம் தடவைக்காரனுடைய பெருமூச்சு. மறுபடியும் ஆரம்பித்துவிட்டேனா என்று.

இன்னொன்று. படம் ஜோசே சரமாகோவின் 2002 நாவலிலிருந்து எடுத்தது, நாவலில் சிலந்தியே கிடையாது. வில்நெவும் திரைக்கதை எழுதிய ஹாவியர் குயோனும் கொண்டுவந்து விட்டதுதான். ஆகவே இது சும்மா ஓடிவந்த பிராணி இல்லை, வேண்டுமென்றே வளர்த்தது.

வேங்கை78 எழுதியது:

வேண்டுமென்றே வளர்த்தது சரி, ஆனால் அதற்கு அர்த்தம் இருக்கிறது என்று யார் சொன்னது? சிலந்தியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று நடிகர்களிடம் எழுதி வாங்கியிருந்தார்கள் என்ற செய்தி அப்போதே வந்தது. எனக்கு அது கலையாகத் தெரியவில்லை, வியாபாரமாகத் தெரிகிறது. மூடிய பெட்டியை ஆட்டிக் காட்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவல் கதை தெரியும் அல்லவா. தி எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல், 1962, மெக்சிகோவில் எடுத்தது. ஓபரா பார்த்துவிட்டு வந்த பணக்காரக் கூட்டம் ஒரு மாளிகையில் விருந்துக்குக் கூடுகிறது, விருந்து முடிந்தும் அந்தக் கூடத்தை விட்டு யாராலும் வெளியே போக முடியவில்லை, கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் கால் எழவில்லை. நாள் கணக்கில் கிடக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு கரடியும் சில ஆடுகளும் திரிகின்றன. கரடி தூணில் ஏறுகிறது. விமர்சகர்கள் விடுவார்களா, கரடி என்றால் சோவியத் ரஷ்யா, உள்முரண்பாட்டில் உறைந்துபோன முதலாளித்துவத்தை விழுங்கக் காத்திருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். புனுவல் தன் நினைவுக் குறிப்புகளில் இதைக் கிண்டல் செய்கிறார். நியூயார்க்கில் ஒரு பெரிய விருந்தில் வீட்டுக்கார அம்மாள் விருந்தாளிகளைச் சிரிக்க வைக்கக் கரடியையும் இரண்டு ஆட்டையும் உள்ளே விட்டாராம், அங்கிருந்து வந்ததுதான். அவ்வளவுதான் சார், விஷயம் முடிந்தது.

அவருடைய முதல் படமும் அப்படித்தான். 1929இல் ஓவியர் டாலியோடு சேர்ந்து எடுத்த அன் ஷியான் அந்தலு, தலைப்புக்கு அர்த்தம் அந்தலூசிய நாய், படத்தில் நாயே இல்லை. பியானோவின் மேல் செத்த கழுதைகள் கிடக்கும், உள்ளங்கை ஓட்டையிலிருந்து எறும்பு வரும் (அந்த எறும்பு டாலி கண்ட கனவு). எழுதும்போது அவர்கள் வைத்துக்கொண்ட ஒரே விதி, பகுத்தறிவால் விளக்கம் சொல்லக்கூடிய எதையும் சேர்ப்பதில்லை என்பது. அதாவது அர்த்தம் வந்தால் தூக்கி எறி. நாம் எதைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஒட்டவைத்துக் கொண்டிருக்கிறோம்?

பூச்சிக்காரி எழுதியது:

நான் படம் பார்த்துப் படிப்பவள் இல்லை, சிலந்தி பார்த்துப் படித்தவள். விலங்கியல், அதிலும் எட்டுக்கால் கூட்டம். என் தங்கை இந்தப் படத்தை "உனக்குப் பிடிக்கும் அக்கா" என்று அனுப்பினாள், பிடித்ததா என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் ஒரு விஷயத்தில் இங்கே எல்லோரும் வழுக்குகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது ஒரே சிலந்தி இல்லை. தட்டில் வருவதும் படுக்கையறையில் இருப்பதும் டாரன்டுலா, தடித்த கால், உடம்பெல்லாம் முடி. நகரத்துக்கு மேல் நடப்பது வேறு, நூல் மாதிரிக் கால்களும் அவற்றின் நடுவே சின்ன உடலும். டொராண்டோ வானத்தில் டிராம் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதையும், விபத்துக்குப் பின் கார்க் கண்ணாடியில் விழும் விரிசலையும் வலை என்று எல்லோரும் சொல்கிறார்கள், படமும் அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் டாரன்டுலா அந்த மாதிரிச் சக்கர வலை பின்னாது! அது வளைக்குள்ளோ மரப்பொந்திலோ இருக்கும், பட்டு இழையை உள்ளே விரித்துக்கொள்ளும், வாசலில் கொஞ்சம் நீட்டிவிடும், வெளியே வந்து இரையைப் பிடித்துவிட்டுத் திரும்பிவிடும். அது வீட்டுப் பிராணி என்கிறேன், அந்த அர்த்தத்தில். (நம் ராமேஸ்வரத்திலும் ஒரு வகை உண்டு, அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். மரப்பொந்தில் இருக்கும், ஆளைக் கண்டால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடிவிடும்.)

ஆகவே வலை பின்னிக் கணவனைப் பிடித்துவைக்கும் மனைவி என்ற விளக்கத்துக்கு இந்தப் பிராணி சரிப்படாது. இயக்குநருக்கு இது தெரியுமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, எனக்குக் கவலையும் இல்லை. பிராணி திரையில் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

டாரன்டுலாவுக்குக் கண் எட்டு இருந்தும் பார்வை மோசம். கால் முடிகளில் படும் அதிர்வுதான் அதன் உலகம். மிரட்டல் வந்தால் இரண்டில் ஒன்று செய்யும். ஒன்று, முன்கால்களைத் தூக்கிப் பல்லைக் காட்டி நிமிரும், அது "கிட்டே வராதே, கடிப்பேன்". இல்லையென்றால் கால்களையெல்லாம் உடம்போடு இழுத்துக்கொண்டு பின்னால் ஒதுங்கும். இப்போது கடைசிக் காட்சியைப் பாருங்கள். அவன் எட்டிப் பார்த்ததும் அது நிமிரவில்லை, காலைத் தூக்கவில்லை, இழுத்துக்கொண்டு மூலையில் ஒண்டுகிறது. அறை முழுவதையும் அடைக்கும் அளவு இருந்தும் பயப்படுவது அதுதான். திகில் படத்தில் வரும் சிலந்தி ஒருநாளும் இதைச் செய்யாது. சிலந்தி = ஆபத்து என்று ஆரம்பிக்கும் எல்லா விளக்கமும் அந்த இரண்டு நொடியில் அடிபட்டுப் போகிறது என்பது என் எண்ணம். நான் அந்த அறையில் பார்த்தது, உள்ளே யாரோ காலடி வைத்துவிட்ட வளையை.

தறி எழுதியது:

பூச்சிக்காரி அக்கா சொன்ன அந்த நெட்டைக்கால் சிலந்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பி 1999இல் செய்த மாமான். ஒன்பது மீட்டருக்கு மேல் உயரம், அடியில் ஆட்கள் நடந்து போகலாம், வயிற்றுப் பையில் பளிங்கு முட்டைகள். முதலில் லண்டன் டேட் மாடர்னில் வைத்தார்கள், அப்புறம் பல ஊர்களில் அதன் வார்ப்புகள். கனடாவிலேயே ஒன்று ஒட்டாவா தேசியக் கலைக்கூடத்தின் வாசலில் நிற்கிறது, வில்நெவும் கனடாக்காரர், கியூபெக். படத்தில் நகரத்துக்கு மேல் நடப்பதைப் பார்த்தால் அதன் தங்கச்சி போலவே இருக்கும்.

மாமான் என்றால் பிரெஞ்சில் அம்மா. பூர்ஷ்வாவின் அம்மா பழைய திரைச்சீலைகளைச் செப்பனிடும் தொழில் செய்தவர், நூலும் ஊசியுமாகவே இருந்தவர். சிலந்தி அவருக்கான காணிக்கை என்று பூர்ஷ்வா சொல்லியிருக்கிறார். பொறுமையான, கெட்டிக்கார, கிழிந்ததைத் திரும்பப் பின்னும் அம்மா. அப்பா வீட்டிலேயே ஒரு பெண்ணை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தவளை, வைத்திருந்தார், அம்மா அதைத் தெரிந்தும் தெரியாதது போல இருந்தார் என்பதும் பூர்ஷ்வா வாழ்நாள் முழுக்கப் பேசிய விஷயம். இந்தப் படத்தின் கதையோடு சேர்த்துப் பாருங்கள். கள்ள உறவுக்குப் போகும் கணவன், தெரிந்தும் கூடவே இருக்கும் கர்ப்பிணி மனைவி, நகரத்துக்கு மேல் நடக்கும் அம்மா.

என் அம்மாவும் தறிக்காரிதான். பாவு நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போடுவாள். வீட்டு மூலையில் சிலந்தி வலை கட்டினால் மற்றவர்கள் ஒட்டடைக் கம்போடு ஓடுவார்கள், அவள் "அதுவும் பாவுதானே ஓட்டுது, இருந்துட்டுப் போகட்டும்" என்பாள். அதனால் சிலந்தி என்றாலே கெட்ட பெண், விஷம், பொறி என்று எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், இது விமர்சனம் இல்லை, சும்மா சொல்கிறேன்.

பின்வரிசை எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பூச்சிக்காரி, நீங்கள் சொன்ன கால் விஷயத்தை மச்சானிடம் சொன்னேன், அவர் உடனே "அப்ப அந்தப் பொண்ணு அவனைக் கண்டு பயப்படுது, அவ்வளவுதானே, இதுக்கு ஏன் சிலந்தி?" என்றார். நியாயமான கேள்வி. ஹெலனே மூலையில் ஒண்டியிருந்தால் நமக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். சிலந்தி எதற்கு?

வேங்கை, கரடிக் கதை பிரமாதம், ஆனால் எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. எங்கிருந்து எடுத்தார் என்பது வேறு, எடுத்ததை எங்கே வைத்தார் என்பது வேறு இல்லையா?

எலிப்பொறி எழுதியது:

அதேதான். வேங்கை அண்ணன் பாதிப் படத்தோடு நிறுத்திவிட்டார். புனுவலின் அந்த ஆடுகள் என்ன ஆகின்றன? பட்டினி கிடக்கும் பெரிய மனிதர்கள் அவற்றை அறுத்து, அந்தக் கூடத்திலேயே மரச்சாமான்களை உடைத்து நெருப்பு மூட்டிச் சுட்டுத் தின்கிறார்கள். ஒருவழியாக வீட்டிலிருந்து தப்பித்தவர்கள் நன்றி சொல்லத் தேவாலயத்துக்குப் போகிறார்கள், பூசை முடிந்ததும் அங்கேயும் யாராலும் வெளியே வர முடியவில்லை. வெளியே துப்பாக்கிச் சத்தம். கடைசியாக ஒரு ஆட்டு மந்தை வரிசையாகத் தேவாலயத்துக்குள் நுழைகிறது. முதல் ஆடுகள் நியூயார்க் விருந்திலிருந்து வந்திருக்கட்டும். இந்த மந்தையை நுழைய விட்டது யார்? மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே பின்வாசலைத் திறந்து விட்டிருக்கிறார். கரடிக்கு அர்த்தம் சொன்னவர்களைக் கிண்டல் செய்தது நியாயம்தான், கரடியைப் படத்திலிருந்து பிடுங்கி அரசியல் வரைபடத்தில் வைத்தார்கள். ஆடு அப்படி இல்லை, அது படத்துக்குள்ளேயே நடந்து, செத்து, திரும்பி வருகிறது.

என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் எந்தப் படத்தைச் சொல்லப் போகிறேன் என்று. மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் எலிப்பத்தாயம் (எலிப்பொறி என்று அர்த்தம்), 1981. இது மர்மப் படமெல்லாம் இல்லை, கேரளத்தில் ஒரு சிதிலமான தறவாடு, அதாவது பழைய கூட்டுக்குடும்ப வீடு, உண்ணி என்ற சோம்பேறிக் குடும்பத் தலைவர், அவருக்கு மூன்று சகோதரிகள். ராத்திரியில் எலி வந்துவிட்டது என்று உண்ணி கூச்சல் போடுகிறார், விளக்கோடு எல்லோரும் எழுந்து வருகிறார்கள். பழைய எலிப்பத்தாயத்தைத் தேடி எடுத்து வைக்கிறார்கள். விழுந்த எலியைக் கடைசித் தங்கை ஸ்ரீதேவி கூண்டோடு குளத்துக்குக் கொண்டுபோய் முக்குகிறாள். இது மூன்று தடவை நடக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது எலி வெறும் எலிதான், யாரும் குறியீடு என்று யோசிக்க மாட்டார்கள், நம் வீட்டிலும் நடப்பதுதானே. தங்கை ஓடிப்போய், நடுச் சகோதரி ராஜம்மா நோயில் விழுந்து தூக்கிச் செல்லப்பட்டு, உண்ணி தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு பொந்துக்குள் இருப்பது போல இருக்கும்போது, ஆட்கள் வந்து அவரைத் தூக்கிப்போய் அதே குளத்தில் போடுகிறார்கள். அவர் நனைந்து நடுங்கிக் கைகூப்பி எழுந்து நிற்பார். யாரும் "இவன் எலி" என்று சொல்லவில்லை. குளம் ஒன்றே, நடை ஒன்றே, முக்குவது ஒன்றே, அவ்வளவுதான்.

நான் விலங்கைப் படிப்பது இப்படித்தான்: அகராதியைத் திறப்பதில்லை. அதே பிராணிக்கு முன்னால் என்ன ஆயிற்று என்று பார்க்கிறேன். எனிமியில் கடைசிச் சிலந்திக்கு முன்னால் ஒரே ஒரு டாரன்டுலாதான் வந்தது, தட்டில், குதிகாலுக்கு அடியில். பின்வரிசை நண்பரின் மச்சானுக்கு என் பதிலும் அதுதான். ஹெலன் வெறும் ஹெலனாக மூலையில் ஒண்டியிருந்தால், கணவனுக்குப் பயந்த மனைவி என்று தெரிந்திருக்கும். டாரன்டுலாவாக ஒண்டும்போதுதான் அது எந்த அறைக்குப் பயப்படுகிறது என்று தெரிகிறது. அவன் பையில் இருப்பது அந்த அறையின் சாவி.

ஒழுகுநீர் எழுதியது:

எலிப்பொறி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எல்லாப் படத்துக்கும் இந்தச் சாவி செல்லாது. அபிசாட்போங் வீரசேதகுலின் அங்கிள் பூன்மீ (2010, கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது) பார்த்திருக்கிறீர்களா? தாய்லாந்தின் வடகிழக்கில் சாகப்போகும் ஒரு விவசாயி, ராத்திரிச் சாப்பாட்டு மேசைக்குச் செத்துப்போன மனைவி வந்து உட்காருகிறாள், அப்புறம் காணாமல் போன மகன் உடம்பெல்லாம் முடியும் சிவப்புக் கண்ணுமாகக் குரங்கு ஆவியாக மாடிப்படி ஏறி வருகிறான். கொஞ்சம் திடுக்கிடுகிறார்கள், அவ்வளவுதான், பிறகு குசலம் விசாரிக்கிறார்கள். கான் விழாவில் பார்த்தவர்களுக்கு அது கனவுக் காட்சியாக இருந்திருக்கும். மறுபிறவியை நம்பும் ஊரில் அது விருந்தாளி. அந்தக் குரங்குக்கு "அர்த்தம்" கேட்பது, வீட்டுக்கு வந்த சித்தப்பாவுக்கு அர்த்தம் கேட்பது மாதிரி.

இன்னொன்று சொன்னால் திட்டுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். குறுந்தொகை 25, கபிலர். அவன் என்னைச் சேர்ந்த அன்று சாட்சிக்கு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு, "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே". தினைத் தாள் மாதிரிக் கால், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகுப் பறவையும் இருந்தது. அந்தக் குருகு யார்? அவனா, மீனைக் கொத்தக் காத்திருப்பதால்? பயனற்ற சாட்சியா? ஊரா? எல்லாம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் அது மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் அவளுடைய கஷ்டமே. அந்தக் குருகை "காமம்" என்று பெயர்த்து எழுதிவிட்டால் அதன் கால் எங்கே போயிற்று?

வேங்கை78 எழுதியது:

ஆரம்பித்துவிட்டார்களய்யா. டொராண்டோவில் சிலந்தி வந்தாலும் குறுந்தொகையில் போய்த்தான் முடியும்.

ஒழுகுநீர் எழுதியது:

திட்டுவீர்கள் என்று சொன்னேனே. வில்நெவ் கபிலரைப் படித்தார் என்று சொல்லவில்லை அண்ணா. அவர் சிலந்தியோடு நிற்கவும் இல்லை, 2000இல் எடுத்த மெயில்ஸ்ட்ரோமில் கதை சொல்வதே வெட்டுப்படக் காத்திருக்கும் ஒரு மீன்தான். மீனுக்கும் அர்த்தம் தேடுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

சாவிக்கொத்து எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம், என் பதிவுக்கே. கடைசிப் பெருமூச்சை "மறுபடியும் ஆரம்பித்துவிட்டேனா" என்று எழுதினேன். பூச்சிக்காரி எழுதியதைப் படித்தபின் இன்னொரு தடவை அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு ஆச்சரியமே இல்லை. அறையில் மாடு மாதிரிச் சிலந்தி இருக்கிறது, அவனுக்கு ஆச்சரியம் இல்லை! அப்படியென்றால் அவன் இதற்கு முன்பும் அதைப் பார்த்திருக்கிறான். பயப்படுவது அது, பழகிப்போனது அவன். என் ஒரே ஆள் கட்சிக்கு இது பலம்தான், ஆனால் நான் முதலில் எழுதியபோது அவன்மேல் கொஞ்சம் பரிதாபத்தோடு எழுதியிருந்தேன், இப்போது அது இல்லை.

பின்வரிசை எழுதியது:

நேற்று ராத்திரி முதல் பத்து நிமிடத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன், தனியாக. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மன்றத்தில் பெண் சிலந்தியை மிதித்து நசுக்கிவிட்டாள் என்றுதான் எனக்கு நினைவு, சத்தம்கூடக் கேட்ட மாதிரி. மச்சானிடம் கேட்டேன், அவருக்கும் அப்படித்தான் நினைவு. ஆனால் படத்தில் அப்படி இல்லை. செருப்பு இறங்குகிறது, இறங்கும்போதே காட்சி வெட்டப்படுகிறது. ஜில்லன்ஹால் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் மிதித்து முடித்திருக்கிறோம்.

மச்சானிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அடுத்த சனிக்கிழமை நான் படம் எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

வேங்கை78 எழுதியது:

அந்த எலிப்பத்தாயம் நல்ல பிரதியாக எங்கேயாவது கிடைக்கிறதா? பழையதில் இருட்டுக் காட்சிகளில் எலியே தெரியவில்லை.